சிகாகோவுக்குப் போகிறீர்களா? ஆற்றங்கரையில் தொடங்குங்கள்

வாசகர் கேள்வி - பதில்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் நம் கடலோர வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், இந்த முறை சிகாகோ பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

*மகள் சிகாகோவுக்கு வெளியே நேப்பர்வில்லில் குடியிருக்கிறாள். மே மாதம் நானும் வீட்டுக்காரரும் போகிறோம். போய் வந்தவர்கள் எல்லாம் உயரக் கட்டடத்தில் ஏறியதையும் படம் எடுத்ததையும்தான் சொல்கிறார்கள். ஊரின் கதை புரிய எங்கிருந்து தொடங்க வேண்டும்?*
வாசகி, மண்டபம்

ஆற்றிலிருந்து தொடங்குங்கள் அம்மா. ஏரிக்கரை ஊர் என்று பெயர் இருந்தாலும், சிகாகோவை ஊராக்கியது மிச்சிகன் ஏரியில் வந்து விழுந்த ஒரு சின்ன ஆறுதான். 1848-ல் சுமார் 155 கி.மீ. கால்வாய் வெட்டி, அந்த ஆற்றை மிசிசிப்பியில் போய்ச் சேரும் இல்லினாய் ஆற்றோடு இணைத்தார்கள். அதே ஆண்டு ரயிலும் வந்தது. தானியமும் மரமும் இறைச்சியும் இங்கே கைமாறத் தொடங்கின.

ஊர் பெருத்ததும் கழிவெல்லாம் ஆற்றுக்குப் போனது, ஆறு ஏரிக்குப் போனது. குடிநீரோ ஏரித் தண்ணீர். முதலில் சாக்கடைக் குழாய் பதிக்கப் பார்த்தால் நிலம் ஒரே மட்டமாகக் கிடந்தது, வாட்டம் கிடைக்கவில்லை. அதனால் 1850-களிலும் 60-களிலும் தெருக்களையே சில அடி உயர்த்தி, கட்டடங்களைத் திருகு ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். 1860-ல் லேக் தெருவில் ஒரு வரிசைக் கடைகளை முழுதாக, சுமார் 6,000 ஜாக்கிகளால் தூக்கினார்கள். உள்ளே வியாபாரம் நடந்துகொண்டே இருந்தது. அதுவும் போதாமல் 45 கி.மீ. நீளத்துக்கு இன்னொரு கால்வாயை ஆழமாக வெட்டி, 1900-ல் ஆற்றின் ஓட்டத்தையே திருப்பிவிட்டார்கள். இன்றைக்கும் அந்த ஆறு ஏரியிலிருந்து விலகித்தான் ஓடுகிறது. மழைத்தண்ணீர் வடிய வழியில்லாத தாழ்ந்த கடலோரத்தில் வாழும் நமக்கு இதன் அருமை சட்டென்று புரியும்.

நேப்பர்வில்லிலிருந்து மெட்ரா ரயிலில் யூனியன் ஸ்டேஷனில் இறங்கினால், வாசலுக்கு எதிரே ஆறு. சிகாகோ ஆர்க்கிடெக்சர் சென்டர் நடத்தும் படகுச் சுற்றுலா மிச்சிகன் அவென்யூ பாலத்தடியிலிருந்து கிளம்புகிறது. 90 நிமிடம், ஆற்றின் மூன்று கிளைகளிலும் போகும். விளக்கம் சொல்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். இதைவிட மலிவான படகுகளும் உண்டு, ஆனால் ஊரின் கதைக்கு இதற்கே பணம் கொடுப்பது சரி. வார நாள் காலைப் படகுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள். மே மாதத்திலும் தண்ணீர் மேல் காற்று குளிரும். ஸ்வெட்டர் இல்லாமல் மேல்தட்டில் உட்கார்ந்தால் பாதியிலேயே கீழே இறங்கிவிடுவீர்கள்.

மதியம் வாஷிங்டன் தெருவில் சிகாகோ கல்ச்சுரல் சென்டருக்கு நடந்து போங்கள். 1897-ல் பொது நூலகமாகக் கட்டியது, கட்டணம் கிடையாது. 38 அடி குறுக்களவுள்ள டிஃப்பனி கண்ணாடிக் குவிமாடம் இதற்குள்தான் இருக்கிறது. அன்றைக்கு இது போதும். ஒரே நாளில் நாலு இடம் என்று மருமகன் திட்டம் போட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

*பாம்பன் பழைய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி ஷெர்சர் வகை என்று சொல்வார்கள். அது சிகாகோ கம்பெனியின் வடிவமைப்பு என்பது உண்மையா? அங்கே அந்த வகைப் பாலம் இன்னும் இருக்கிறதா?*
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பாம்பன்

உண்மை ஐயா. வில்லியம் ஷெர்சர் சிகாகோ பொறியாளர். தன் முதல் பாலம் எழும்பும் முன்பே 1893-ல் இறந்துபோனார். தம்பி ஆல்பர்ட்தான் கம்பெனியை நடத்தினார். முதல் ஷெர்சர் பாலங்கள் 1895 வாக்கில் சிகாகோவின் வான் பியூரன் தெருவிலும் அதை ஒட்டிய ரயில் பாதையிலும் வந்தன. இரண்டும் இப்போது இல்லை. 1914-ல் திறந்த நம் பாலத்தின் தூக்குப் பகுதி அதே வடிவமைப்பு, இரும்பு வேலை இங்கிலாந்தின் ஹெட் ரைட்சன் பட்டறையில் நடந்தது.

இன்று சிகாகோ போனால் அந்த வகையைப் பார்க்க வேண்டிய இடம் செர்மாக் சாலைப் பாலம். 1906-ல் கட்டியது. ரெட் லைன் ரயிலில் செர்மாக்-சைனாடவுன் நிலையத்தில் இறங்கி, செர்மாக் சாலையிலேயே மேற்கே 15 நிமிடம் நடந்தால் ஆறு வரும். பாலத்தின் பக்கவாட்டில் நின்று கரையோர முனையைப் பாருங்கள். கால்வட்டமாக வளைந்த பெரிய இரும்புச் சட்டம், அதன் அடியில் பல் பதித்த தண்டவாளம். பாம்பனில் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆடும் நாற்காலி பின்னால் சாய்வது போல, அந்த வளைவு உருண்டபடி பாலம் எழும்பும், கூடவே கரைப்பக்கமாகப் பின்வாங்கும். இதனால் கப்பலுக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது.

ஆனால் சிகாகோ நகராட்சி இந்த வகையோடு நின்றுவிடவில்லை. உருளும்போது பாலத்தின் முழு எடையும் அடித்தளத்தின் மேல் இடம் மாறிக்கொண்டே போகிறது. சிகாகோவின் அடிநிலம் மெத்தென்ற களிமண். இடம் மாறும் பாரத்தை அது தாங்காமல் தூண்கள் அசைய வாய்ப்பு உண்டு. காப்புரிமைப் பணமும் கட்ட வேண்டியிருந்தது. எனவே ஊர்ப் பொறியாளர்கள் அச்சில் சுழலும் வகையை எடுத்துக்கொண்டார்கள். 1902-ல் கார்ட்லண்ட் தெருவில் வந்ததுதான் அதன் முதல் பாலம். இதில் எடை எப்போதும் அச்சின் மேலேயே நிற்கும். பாலத்தைத் தூக்க உதவும் எதிர்பாரம் (மறுமுனையில் உள்ள எடை) தெருவுக்குக் கீழே ஒரு குழிக்குள் இறங்கும், அதனால் பாலம் மூடியிருக்கும்போது மேலே எதுவும் தெரியாது. குழிக்குள் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் தொல்லை.

இந்த வகைப் பாலத்தைத் தூக்கும் பல்சக்கரங்களை உள்ளேயே போய்ப் பார்க்கலாம். 1920-ல் திறந்த மிச்சிகன் அவென்யூ பாலத்துக்கு இப்போது டூசாபிள் பாலம் என்று பெயர். அதன் தென்மேற்குக் கோபுரம் ஐந்து தளமுள்ள அருங்காட்சியகம், ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். ஏணிப்படி உண்டு, லிஃப்ட் இல்லை, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போகவும். பாலங்கள் எழும்புவதைப் பார்க்க வேண்டுமானால் ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் வரை, அல்லது இலையுதிர் காலத்தில், புதன் அல்லது சனி காலையில் ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். பாய்மரப் படகுகள் குளிர்காலக் கொட்டகையிலிருந்து ஏரிக்குப் போகும், திரும்பும். அவற்றுக்காக ஒவ்வொரு பாலமாகத் தூக்குவார்கள். கோடையில் மற்ற நாட்களில் போய் நின்றால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

இன்னொன்றும் உங்களுக்காக. சைனாடவுனில் பிங் டாம் பூங்காவின் ஆற்றங்கரையில் நின்று தெற்கே பாருங்கள். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே தண்டவாளம் மொத்தமாக நேர் மேலே போகும் கனால் தெரு ரயில் பாலம் தெரியும். அதுவும் 1914-ல் கட்டியதுதான், இன்றும் ரயில் ஓடுகிறது. 2025 ஏப்ரலில் திறந்த நம் புதுப் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியும் அதே முறையில்தான் வேலை செய்கிறது.

*சுவாமி விவேகானந்தர் பேசிய மண்டபம் இன்னும் இருக்கிறதா? மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.*
ஆசிரியை, ராமநாதபுரம்

கட்டடம் இருக்கிறது, மண்டபம் இல்லை. 1893 செப்டம்பர் 11 முதல் 27 வரை சர்வ சமயப் பேரவை நடந்தது மிச்சிகன் அவென்யூவில் இன்று ஆர்ட் இன்ஸ்டிடியூட் ஆஃப் சிகாகோ என்னும் கலை அருங்காட்சியகம் இருக்கும் கட்டடத்தில். வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் நிற்கும். ஆனால் அவர் பேசிய கொலம்பஸ் ஹால், மாநாடுகளுக்காகப் பின்பக்கம் தற்காலிகமாக எழுப்பியது, பிறகு அகற்றிவிட்டார்கள். உள்ளே ஏதோ ஒரு மேடையைக் காட்டி இதுதான் என்று யாராவது சொன்னால் எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியே சாலையில் அவர் பெயரைத் தாங்கிய பழுப்பு நிறப் பலகை உண்டு.

பலர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அதே 1893-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சியும் நடந்தது; ஆனால் அது நடந்தது இங்கே இல்லை, சுமார் 10 கி.மீ. தெற்கே ஜாக்சன் பூங்காவில். கண்காட்சிக் கட்டடங்கள் பெரும்பாலும் சாந்தும் நாரும் கலந்து பூசியவை, நிலைக்கக் கட்டியவை அல்ல. அங்கே தப்பி நிற்கும் பெரிய கட்டடம், இப்போது அறிவியல் தொழில் அருங்காட்சியகமாக இருக்கும் பழைய கலை மாளிகை. மில்லேனியம் ஸ்டேஷனிலிருந்து மெட்ரா எலக்ட்ரிக் ரயிலில் போகலாம். இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள்.

மாணவர்களுக்குச் சொல்லும்போது நம் ராமநாதபுரம் மன்னர் பங்கையும் சரியாகச் சொல்ல வேண்டும். பாஸ்கர சேதுபதி சுவாமிகளை அமெரிக்கா போகும்படி ஊக்கப்படுத்தினார். வழிச்செலவைத் திரட்ட ஓடியாடியவர்கள் அளசிங்கப் பெருமாள் உள்ளிட்ட சென்னைச் சீடர்கள். திரும்பி வந்தபோது 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் கரையிறங்கியவரை வரவேற்றவர் சேதுபதி. மறுநாள் ராமேஸ்வரம் கோயிலில் சுவாமிகள் உண்மையான வழிபாடு பற்றிப் பேசினார். அவர் கரையிறங்கிய குந்துகாலில் உள்ள நினைவிடத்துக்கு மாணவர்களை அழைத்துப் போகும் அன்று, சிகாகோ கட்டடத்தின் படத்தையும் காட்டுங்கள்.

கலை அருங்காட்சியகத்துக்குள் போகும் தமிழர் தவறவிடக் கூடாதது ஆல்ஸ்டார்ஃப் கூடம். நாகப்பட்டினத்திலிருந்து போன 12-ம் நூற்றாண்டுக் கருங்கல் புத்தர் தியானத்தில் அமர்ந்திருக்கிறார். சோழர் கால நடராசர் செப்புத் திருமேனியும் உண்டு. சோழர் துறைமுகத்தில் பௌத்தம் செழித்ததற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டாம். செவ்வாய், புதன் விடுமுறை. நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 30 டாலரை ஒட்டி வரும், 14 வயதுக்குக் கீழே இலவசம்.

*1964 புயலில் தனுஷ்கோடி போனது போனதுதான். 1871-ல் சிகாகோவும் அழிந்தது என்கிறார்கள். அது மட்டும் எப்படி எழுந்தது?*
வாசகர், ராமேஸ்வரம்

1871 அக்டோபர் 8 முதல் 10 வரை எரிந்தது. சுமார் 300 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். மரவீடு, மர நடைபாதை, மழையில்லாத கோடை, தென்மேற்குக் காற்று, எல்லாம் சேர்ந்துகொண்டன. திருமதி ஓ'லியரியின் பசு விளக்கை உதைத்த கதைக்கு ஆதாரம் கிடையாது. 1997-ல் நகர மன்றமே அந்த அம்மாளைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது.

எரிந்தது ஊரின் நடுப்பகுதி. ரயில் பாதைகளில் பெரும்பகுதியும் தெற்கே இருந்த கால்நடைச் சந்தையும் தப்பின. ஊர் எதனால் பிழைத்ததோ அது மிஞ்சியது. தனுஷ்கோடியில் ரயிலும் கப்பல்துறையும்தான் பிழைப்பு, கடல் அதையே கொண்டுபோனது. இரண்டு ஊரின் மக்களுடைய மனவுறுதியில் வேறுபாடு தேடுவது நியாயமில்லை.

தீக்குப் பிறகு ஊர் எழுந்த விதத்தைக் கையால் தொட்டுப் பார்க்க ஜாக்சன், டியர்பார்ன் தெருக்கள் சந்திக்கும் மொனாட்நாக் கட்டடத்துக்குப் போங்கள். 1891-ல் முடிந்த வடபாதி 16 மாடி, முழுக்கச் செங்கல் சுவரே தாங்குகிறது. அதனால் தரைத்தளத்தில் சுவர் 6 அடி கனம், சன்னல் பதிந்திருக்கும் ஆழத்தில் அது தெரியும். இரண்டு ஆண்டு கழித்துக் கட்டிய தென்பாதியில் எஃகுச் சட்டகம், சுவர் மெலிந்துவிட்டது, சன்னல் அகன்றுவிட்டது. வானளாவிய கட்டடம் எப்படி வந்தது என்பதை ஒரே நடைபாதையில் இருபது முப்பது அடி நடந்து புரிந்துகொள்ளலாம்.

*கரையில் கட்டியிருந்த கப்பல் சிகாகோ ஆற்றிலேயே கவிழ்ந்து எண்ணூறு பேருக்கு மேல் இறந்தார்களாமே? ஆற்றில் அது எப்படி?*
விசைப்படகு உரிமையாளர், தொண்டி

ஈஸ்ட்லாண்ட் என்ற கப்பல், 1915 ஜூலை 24, சனிக்கிழமை காலை. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு உல்லாசப் பயணம் கிளம்பியிருந்தார்கள். 2,500 பேருக்கு மேல் ஏறியாகிவிட்டது. சுமார் 20 அடி ஆழத் தண்ணீரில், கயிறு அவிழ்க்கும் முன்பே, ஆற்றுப் பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. 844 பேர் இறந்தார்கள். முழுக் குடும்பமாகப் போனவர்கள் பலர்.

காரணம் உங்களுக்கு நன்றாகவே தெரிந்த மேல்பாரம். அந்தக் கப்பல் முதலிலிருந்தே தலை கனத்தது, முன்பும் ஆபத்தாகச் சாய்ந்திருக்கிறது. டைட்டானிக் விபத்துக்குப் பிறகு வந்த சட்டத்தால் உயிர்காப்புப் படகுகளைக் கூட்டி மேல்தட்டில் ஏற்றினார்கள். உயிர் காக்க ஏற்றியதே பாரமானது. அடியில் இருந்த பாரத் தொட்டிகளில் தண்ணீர் போதுமான அளவு இல்லை. சாய்வைச் சரிக்கட்ட ஒரு பக்கத் தொட்டியில் தண்ணீர் விட்டபோது, கப்பல் நிமிர்ந்து நிற்காமல் மறுபக்கம் சாய்ந்தது. உள்ளே இருந்த பெரும்பாலோர் சரிந்து வந்த மேசை நாற்காலிகளிலும் படிக்கட்டுகளிலும் சிக்கிக்கொண்டார்கள். திருவிழாக் காலத்தில் படகு மேல்தட்டில் ஆளை நிரப்புகிறவர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும். கிளார்க், லசால் தெருக்களுக்கு நடுவே ஆற்றோரம் நினைவுப் பலகை இருக்கிறது.

*மே தினம் பிறந்த இடத்தைப் பார்க்க முடியுமா?*
மீனவர் சங்க உறுப்பினர், மூக்கையூர்

முடியும் தோழர். எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே 1-ல் தொடங்கிய வேலைநிறுத்தத்தின் போது, மே 4 இரவு ஹேமார்க்கெட் என்ற இடத்தில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் குண்டு வெடித்தது. எறிந்தவர் யார் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. எட்டுப் பேருக்குத் தண்டனை விழுந்தது, நால்வரை 1887 நவம்பர் 11-ல் தூக்கிலிட்டார்கள். சிறையில் மிஞ்சியிருந்த மூவரை 1893-ல் ஆளுநர் ஆல்ட்கெல்ட் விடுவித்தார், விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று எழுதியே விடுவித்தார்.

டெஸ்ப்ளெய்ன்ஸ் தெருவில், லேக் தெருவுக்கும் ராண்டால்ஃப் தெருவுக்கும் இடையே 2004-ல் வைத்த சிற்பம் உண்டு. பேச்சாளர்கள் மேடையாக ஏறிய வண்டியின் வடிவம். பீடத்தில் பல நாட்டுத் தொழிற்சங்கங்கள் பதித்த பலகைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். கிளின்டன் நிலையத்திலிருந்து நடை தூரம். தூக்கிலிடப்பட்டவர்களைப் புதைத்த இடமும் 1893-ல் எழுப்பிய நினைவுச் சின்னமும் ஊருக்கு மேற்கே ஃபாரஸ்ட் ஹோம் கல்லறைத் தோட்டத்தில். ப்ளூ லைனில் கடைசி நிலையமான ஃபாரஸ்ட் பார்க்கில் இறங்க வேண்டும். மே 1 அங்கே அரசு விடுமுறை இல்லை, அவர்களுக்குத் தொழிலாளர் தினம் செப்டம்பர் முதல் திங்கள். நம் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் 1923-ல் மே தினம் கொண்டாடியதை அங்கே சந்திப்பவர்களிடம் சொல்லுங்கள்.

*மகன் அங்கே வேலை பார்க்கிறார். டிசம்பரில் குடும்பத்தோடு போகிறோம். ஹலால் சாப்பாடு, தொழுகை வசதி எப்படி? குளிரில் என்ன பார்க்கலாம்?*
வாசகர், கீழக்கரை

சாப்பாட்டுக்கு வடக்கே டெவன் அவென்யூ. இந்திய, பாகிஸ்தானிய ஹலால் கடைகள் வரிசையாக இருக்கும். ரெட் லைனில் லயோலா இறங்கி 155-ம் எண் பேருந்து. நகர மையத்தில் ஸ்டேட் தெருவில் டவுன்டவுன் இஸ்லாமிக் சென்டர் இருக்கிறது, ஜும்ஆ நடக்கும். சிகாகோவின் கனத்த பீட்சாவில் பன்றி இறைச்சி சேர்ப்பது சாதாரணம், சீஸும் கீரையும் மட்டும் என்று தெளிவாகச் சொல்லி வாங்குங்கள். வேக முக்கால் மணி ஆகும்.

டிசம்பரில் நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். சுற்றுலாப் படகுகளும் பெரும்பாலும் ஓடாது. வெளியே பார்ப்பதைக் காலையிலும் அருங்காட்சியகத்தை மதியமும் வையுங்கள். வில்லிஸ் டவரை வடிவமைத்த பொறியாளர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் கான். 110 மாடி, ஒன்பது சதுரக் குழல்களைச் சேர்த்துக் கட்டியதுபோல நிற்கும். 50, 66, 90-ம் மாடிகளில் சில குழல்கள் நின்றுவிட, இரண்டு மட்டும் உச்சிவரை போகின்றன. ஒன்பதும் ஒன்றையொன்று தாங்குவதால்தான் அந்தக் காற்றைத் தாங்கி நிற்கிறது. டிக்கெட் எடுத்து மேலே போவதைவிட வெளியே நின்று இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது மேல்.

பிழைக்கக் கடல் தாண்டிப் போன குடும்பங்கள் அதிகமுள்ள ஊர் உங்களுடையது. அதனால் பிரான்ஸ்வில் பகுதியைக் கட்டாயம் சொல்வோம். தென் மாநிலங்களில் இனக்கொடுமை தாங்காமல், 1910-களிலிருந்து 1970 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் ரயிலேறி சிகாகோ வந்தார்கள். இங்கே வேலை உண்டு என்ற செய்தியை தி சிகாகோ டிஃபெண்டர் பத்திரிகை பரப்பியது. புல்மேன் ரயில் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள் அதை மறைத்து எடுத்துப்போய் ஊர் ஊராகச் சேர்த்தார்கள். 26-ம் தெருவும் கிங் டிரைவும் சந்திக்கும் இடத்தில் வெண்கல மனிதர் ஒருவர் வடக்கே பார்த்து நிற்கிறார். கையில் கயிறு கட்டிய பெட்டி. கிட்டப் போய்ப் பாருங்கள், அவர் உடுத்தியிருப்பது முழுக்கத் தேய்ந்த செருப்பு அடிகள். பகலில் போய் வாருங்கள்.

*அருங்காட்சியக இலவச நாட்கள் நமக்கும் உண்டா?*
வாசகி, ஏர்வாடி

பெரும்பாலானவை இல்லினாய் மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள், மகனுக்கு இலவசம், உங்களுக்குக் கட்டணம் என்று ஆகும். எல்லோருக்கும் எந்நாளும் இலவசமானவை: கல்ச்சுரல் சென்டர், பில்சன் பகுதி மெக்சிகன் கலை அருங்காட்சியகம், லிங்கன் பூங்கா விலங்குக்காட்சி சாலை, புல்மேன் தேசிய வரலாற்றுப் பூங்கா.

*முகவரி வைத்து இடம் கண்டுபிடிக்கத் திணறுகிறோம். கைபேசி வரைபடமும் குழப்புகிறது.*
வாசகர், உச்சிப்புளி

ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் முனைதான் பூச்சியம். 1909-லிருந்து எல்லா எண்களும் அங்கிருந்தே ஏறுகின்றன. 800 எண் ஒரு மைல். 1600 நார்த் என்றால் பூச்சியத்திலிருந்து வடக்கே இரண்டு மைல். தெற்கே முதல் மூன்று மைலுக்கு மட்டும் கணக்கு மாறும்: 1200, 2200, 3100. வரைபடம் குழம்புவது பெரும்பாலும் வாக்கர் டிரைவில்தான். அந்தச் சாலை மேலும் கீழுமாக அடுக்கடுக்காகப் போகிறது, கைபேசிக்கு எந்த அடுக்கு என்று தெரியாது. டாக்ஸி பிடிக்கும்போது மேல் வாக்கரா, கீழ் வாக்கரா என்பதைச் சொல்லிவிட்டு ஏறுங்கள்.